இரண்டு மணிக்கு ஆள் மாறும் வீடு

"லீவு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் எதுக்குங்க மில்லுக்குப் போனீங்க?"

"காலு தானாப் போயிருச்சு அம்மணி. 'ஏனுங்க, இன்னைக்கு நீங்க லீவுதானுங்களே'ன்னு மில் கேட்டுல வாச்மேன் சீனிவாசலு சிரிச்ச பொறவுதான் எனக்கே உறைச்சுது."

"நல்லா லீவு போட்டீங்க போங்க! இதுக்குத்தான் காத்தால இருந்து சட்டைக்கு இஸ்திரி போட்டீங்களாக்கும்."

ராசாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனபாலும் சிரித்தார். மகள் மோகனப்பிரியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏழாம் வகுப்பில் முதல் மாணவி என்று அன்று மேடையில் கொடுத்த எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாராயக்கடைக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீடுகளில் அடிதடி புதிதில்லை. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அப்பாவும் அம்மாவும் பகல் சிப்ட்டில் இருந்த நேரம், வாசலிலேயே ஒருவனை வெட்டிப் போட்டார்கள். பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்த குழந்தை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தது. இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தனபால் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாம் சிப்ட்டுக்கு மாறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. காலை ஆறு மணிக்கு அம்மா மில்லுக்குள் போய்விடுவாள். அப்பா ஜடை பின்னி, பாடம் கேட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு மில் கேட்டில் ஆள் மாறும். சைக்கிள் சாவியை அம்மா கையில் வைத்துவிட்டு அப்பா உள்ளே போவார். அதே சைக்கிளில் அம்மா வந்து சாயங்காலம் அவளை அழைத்துப்போவாள். அப்பா திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். வார விடுமுறைகூட இருவருக்கும் வேறு வேறு கிழமை.

லைனில் அவளோடு விளையாடியவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்படி மாறி மாறிக் காவல் இருந்ததால்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே ஆசையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நூலகத்திலிருந்து எடுத்துவரும் கதைகளில், பனி பெய்யும் ஏதோ ஊரில், ஒரே அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

ஆண்டு விழாவுக்கு இருவரும் வரவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். அப்பா மூன்று மணிக்கே வந்து, பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். அரைமணி கழித்து அம்மா வந்தாள். மேடை ஓரத்தில் நின்ற மோகனப்பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள்.

அப்பா எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அம்மா கையில் வைத்தார். மில்லுக்கு நேரமானதுபோல் விறுவிறுவென்று வெளியே நடந்தார். அம்மாவும் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பா இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அதில் ஒரு தப்பும் இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மணி அஞ்சரைதான் ஆகுது." வீட்டில் சிரித்து ஓய்ந்த தனபால் எழுந்து பழைய சட்டையை மாட்டினார். "மில்லுல எங்கூட நிக்கிற மாசாணம் ஒத்தை ஆளா ரெண்டு மெசினப் பாத்துட்டிருக்கான். அரை லீவாச்சும் மிச்சமாகட்டும். அதான் நீ ஊட்ல இருக்கியே, போயிட்டு வாரேன்."

"ஆமாங்க, நான்தான் இருக்கனே" என்றாள் ராசாத்தாள்.

அவர் செருப்பில் கால் நுழைப்பதற்குள் மோகனப்பிரியா வாசலை மறித்து நின்றாள். 

"ஏனுங்கப்பா, அம்மா இருந்தா நீங்களும் இருக்கக் கூடாதுங்களா? இன்னைக்கு ஒரு நா மட்டும் போகாதீங்க. நீங்க அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம், நடுவுல நான். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கலாமுங்களா?"