ஏழு மணி நேரத்து உப்பு

குளத்துத் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு மூன்று கிராம். மாலிவான் போனில் சொன்னது பத்து. இந்தப் பொய்யை அவள் சொல்வது இது மூன்றாவது தடவை.

தாய்லாந்தின் பாங் பக்கோங் ஆற்றோரத்தில் இறால் வளர்க்கிற எவளும் செய்யத் துணியாத காரியம். இறால் குஞ்சு பிறப்பது கடலோரத்துப் பொரிப்பகமான ஹேச்சரியில். அங்கே உப்பை வெளியே தள்ளிப் பழகிய செவுள், இந்தச் சப்பைத் தண்ணீருக்கு வந்தால் உப்பை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் படிகிற பாடமா அது? அதனால்தான் குளத்து அளவை முன்கூட்டியே கேட்டு, நாலைந்து நாளாகக் குறைத்துக் கொண்டுவருவார்கள். குஞ்சைக் கொட்டிவிட்டு அரை மணியில் ஹேச்சரி வண்டி போய்விடும். அளவு பொருந்தாவிட்டால் டிரைவர் கரையிலேயே உட்கார்ந்து, குளத்துத் தண்ணீரை வண்டித் தொட்டியில் சொட்டச் சொட்ட விட்டு, மணிக்கு ஒன்றாக இறக்க வேண்டும். பத்திலிருந்து மூன்றுக்கு ஏழு மணி நேரம்.

அந்த ஏழு மணி நேரந்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. டிரைவர் பிரயூன் மனைவியை இழந்தவன். இவளைப் புருஷன் விட்டுப்போய் ஆறு வருஷம். நாலு மாதத்துக்கு ஒருமுறை பிரயூன் குஞ்சு கொண்டுவருவான். அவள் மிளகாயோடு இடித்துத் தரும் பப்பாளிக்காயைச் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவான், சொந்தக் கதையும் கொஞ்சம். அதை நினைத்து நினைத்தே அவள் அடுத்த நாலு மாதத்தைத் தள்ளுவாள். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவள் ஆசை பாவமும் அறியவில்லை. அவசரமாக இறக்கிய குஞ்சுகள் இரண்டு தடவையும் முதல் தோல் உரிக்கும்போதே கொத்துக் கொத்தாய்ச் செத்தன. அள்ளி வெளியே போடும்போது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது.

இன்று காலை பிரயூன் வண்டியை நிறுத்தினான், ஆனால் சொட்டுக் குழாயை எடுக்கவில்லை. தொட்டித் தண்ணீரை உப்பளக்கும் மீட்டரில் விட்டு அவளிடம் நீட்டினான். மூன்று.

"உங்க மீட்டர் கெட்டுப்போச்சு மாலி. அதான் ஹேச்சரியிலயே மூணுக்கு எறக்கிக் கொண்டாந்துட்டேன். இனி குஞ்சு சாகாது."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றாள். குஞ்சுகள் வாலைச் சுண்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கின. ஒன்றுகூட மிதக்கவில்லை. இருபதே நிமிடம். அவன் தொட்டியைக் கழுவி வண்டியில் ஏறிவிட்டான். இனி நாலு மாதம்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "மூணுன்னுதான் காட்டுச்சு. நாந்தான் பத்துன்னு சொன்னேன்."

பிரயூன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும். போன தடவை நீங்க அடுப்படில இருந்தப்பவே உங்க மீட்டர்லயே குளத்த அளந்து பாத்துட்டேன். சரியா மூணுதான் காட்டுச்சு."

"அப்புறம் ஏன் மீட்டரச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? நான் உக்காந்திருக்கிறதுக்கு அதுங்க ஏன் சாகணும்? இருங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

அவள் சட்டை நுனியைத் திருகினாள்.

"இருங்க," என்றாள்.

வண்டியில் இன்னொரு தொட்டியில் அடுத்த ஊர்க் குளத்துக்கான குஞ்சு காத்திருக்கிறது, தாமதித்தால் மூச்சு முட்டிவிடும் என்றான். "மத்தியானம் வரேன். குஞ்சு இல்லாம வரேன்."

வண்டி கிளம்பியது. பப்பாளிக்காயை இடிக்க உட்கார்ந்தவள், ஒரு பிடி இடித்துவிட்டு எழுந்து பாதையைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.