அக்காவின் நீலப் புள்ளி

வெளிநாட்டில் மாரத்தான் ஓடப் போகிறேன், அங்கே தொள்ளாயிரம் கிலோமீட்டர் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்பது அவள் போனில் தெரிய வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு நான் தம்பி இல்லை, வரைபடத்தில் நகரும் நீலப் புள்ளி.

வாடகைக் காரை எடுத்த பத்தாவது நிமிடமே போன் அடித்தது.

"என்னடா, நூத்திப்பத்துல பறக்குற? மெதுவாப் போ."

பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைக்குப் போனால், "இருபது நிமிஷமா அங்க என்ன பண்ற?" என்றாள். இதற்கெல்லாமா விளக்கம் சொல்வது? கிளம்பியதும் மறுபடியும், "மெதுவாப் போடா." இரண்டு நாளில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். காதில் ரத்தம் வராத குறைதான்.

மாரத்தான் அன்று போனை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் கால்கள் இரண்டும் கையை விரித்துவிட்டன. கைக்குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு அம்மாள் என்னைச் சாவகாசமாகத் தாண்டிப் போனாள். அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய், புள்ளி நகரவே மாட்டேங்குது. கார் பஞ்சரா? தள்ளிக்கிட்டா போற? ரேஸுக்கு நேரமாகலையா?"

"ரேஸ் ஆரம்பிச்சு நாலு மணி நேரமாச்சுக்கா! ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று மூச்சு வாங்கக் கத்தினேன்.



"நான் மெதுவாப் போன்னு சொன்னது காருக்குடா."