அளவு பொருந்தவில்லை

ஏரியோரம் அந்தச் செடியைப் பார்த்ததுமே படகுக்காரர் துடுப்புப் போடுவதை நிறுத்தினார். ஊதாப்பூ, பளபளக்கும் இலை, வெங்காயம் மாதிரி உப்பிய தண்டு. சந்தேகமே இல்லை, ஆகாயத்தாமரைதான். விட்டால் ஏரியையே மூடிவிடும். அப்புறம் படகு எங்கே, பிழைப்பு எங்கே? அன்றைக்கே ஏரி அலுவலகத்துக்கு ஓடிப்போய், செடியை அகற்றச் சொல்லிப் படிவம் எழுதிக் கொடுத்தார். பரவிய அளவு என்று கேட்ட இடத்தில் ‘ஒரு பாய் அகலம்’ என்று போட்டார்.

ஆய்வாளர் சாவகாசமாக இரண்டு வாரம் கழித்து டேப்போடு வந்தார். அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு பாய் இருக்கே. அளவு பொருந்தலை. மறுபடி எழுதிக் குடுங்க.”

“சார், அது வளருது சார்.”

“வளர்றதுக்குப் படிவத்துல இடமில்லைங்க.”

இரண்டு என்று எழுதினார். ஆய்வாளர் வந்தபோது நான்கு. நான்கு என்று எழுதினால் எட்டு. படகுக்காரரின் மனைவி கணக்கில் புலி. “என்னங்க நீங்க, அவர் வர்றப்ப எவ்வளவு இருக்குமோ அதை இப்பவே எழுதிட்டு வாங்க” என்றாள். பதினாறு என்று எழுதினார். பாழாய்ப்போன மனுஷன், அந்தத் தடவை பார்த்து மறுநாளே வந்து நின்றார். எட்டுதான் இருந்தது.

“இல்லாததை எல்லாம் எழுதுறீங்களே” என்று கோபித்துக்கொண்டு போனார்.

இப்படியே மாதங்கள் ஓடின. செடி மட்டும் யாரிடமும் கையெழுத்துக் கேட்காமல் தன் வேலையைப் பார்த்தது. முதலில் துடுப்பு சிக்கியது, பிறகு படகே சிக்கியது. அக்கரைக்குப் போகிறவர்கள் எல்லாம் சுற்றிப்போகும் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். படகுக்காரர் ‘ஏரி முழுக்க’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஆய்வாளர் வந்தார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“கனகச்சிதம். முதல்லயே இப்படி எழுதியிருந்தா எனக்கு இத்தனை அலைச்சல் உண்டா?”

கையெழுத்துப் போடக் குனிந்தவர் அப்படியே நின்றார். பச்சைக்குள் புதைந்து கிடந்த படகைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

“தொழில்ங்கிற இடத்துல படகோட்டின்னு போட்டிருக்கீங்களே” என்று வருத்தத்தோடு பேனாவை மூடினார். “இது பொருந்தலைங்க. அடிச்சிட்டுக் குடுங்க.”

படிவம் படகுக்காரர் கைக்குத் திரும்பி வந்தது. அந்த ஒரு வார்த்தையை அடிக்க அவருக்குக் கை வரவில்லை.