கிராசிங்குக்கு முன்னால்

பார்க்கர் சோளக்காட்டு ரயில்வே கிராசிங் கண்ணில் பட்டதும் எமில் நோவாட்னியின் கை தானாக பிரேக்கை இழுத்துவிட்டது. பழைய டீசல் எஞ்சின் முனகிக்கொண்டே நின்றது. பின்னால் இரண்டு பெட்டிகளில் அறுவடைத் திருவிழாவுக்கு வந்த ஊர்ஜனம் டோனட் தின்றபடி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"என்னப்பா, கோளாறா?" என்றார் எஞ்சினில் பக்கத்து இருக்கையிலிருந்த வால்டர்.

"எஞ்சின்ல இல்ல."

ரயில் கம்பெனி மூடிப்போய் எத்தனையோ வருஷம். தானியக் கிடங்குக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த அந்த எஞ்சினைத் தேய்த்து, பழையபடி மெரூன் பெயின்ட் பூசி, உயிர் கொடுத்தது வால்டரின் கூட்டம். முதல் ஓட்டத்துக்கு அதன் பழைய டிரைவர் எமில்தான் வர வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. இதே எஞ்சின், இதே கிராசிங். அன்று எமில் ஓட்டிவந்த ரயில் மோதிய காருக்குள் இருந்த பையனுக்குப் பத்தொன்பது வயது. கர்டிஸ். எமில்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஊர் அப்படிச் சொல்லவில்லை.

கிராசிங்கை ஒட்டி நின்ற நீலக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கி, தண்டவாளத்தோரமாக நடந்து வந்தாள். கிட்டே வந்ததும் அடையாளம் தெரிந்தது. கர்டிஸின் தங்கை டோரீன். மளிகைக் கடையில் இவரைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறவள். எமில் ஜன்னலோரம் வந்தார்.

"அன்னிக்கு ஹார்ன் அடிச்சீங்களா?" என்றாள் கீழேயிருந்து. "எங்கம்மா சாகுற வரைக்கும் நீங்க அடிக்கலன்னுதான் சொல்லிட்டிருந்தா."

"அடிச்சேன்மா. கையை எடுக்கவே இல்ல. அவன் திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் எஞ்சினின் புதுப் பூச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணாடிய ஏத்திவிட்டு, பாட்டை அலற வச்சுத்தான் ஓட்டுவான். சொன்னா கேக்க மாட்டான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் போய் கார்ல உக்காந்துக்கறேன். அவன மாதிரியே. நீங்க அன்னிக்கு அடிச்ச மாதிரியே அடிச்சிட்டு வாங்க. உள்ள கேக்குதான்னு எனக்குத் தெரியணும்."

"வேணாம்மா."

"தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்தான நிக்கறேன். வாங்க, மிஸ்டர் நோவாட்னி."

அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வால்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எமில் பிரேக்கைத் தளர்த்தினார். வண்டி நகர்ந்தது. ஹார்னை அழுத்தினார், இரண்டு நீளம், ஒரு குட்டை, பிறகு கையை எடுக்காத ஒரு நீளம். காட்டிலிருந்து காக்கைகள் கலைந்து எழுந்தன. பெட்டியில் யாரோ கைதட்டினார்கள். கார்க் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது, அவள் முகம் தெரியவில்லை. கிட்டே, இன்னும் கிட்டே. எஞ்சின் காரைத் தாண்டும்போதுதான், ஹார்ன் அப்போதுதான் உள்ளே எட்டியதுபோல, அந்தக் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளிருந்து பாட்டும் ஒரு கையும் வெளியே வந்தன. கை ஆடவில்லை; விரல்களை விரித்தபடி, எஞ்சின் கிளப்பிய காற்றில் அப்படியே நின்றது.