நான் வேனில் ஏறவில்லை

டெக்சாஸ் சுகர்லேண்ட் தமிழர்கள் நாங்கள் பயணம் கிளம்பினால் முதலில் கட்டுகிற மூட்டை ரைஸ் குக்கர்தான். பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறப்போம், அதை மறக்க மாட்டோம். எங்கள் நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய குக்கர். அதற்குப் பொறுப்பாளி வசந்தாமணியாகிய நான். யெல்லோஸ்டோனில் எல்லாரும் வெந்நீர் ஊற்றுப் பீறிடுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, நான் மோட்டல் அறையில் புகை அலாரத்துக்கு ஷவர் கேப்பை மாட்டி, கதவிடுக்கில் டவலை அடைத்து, அத்தனை பேருக்கும் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கிராண்ட் கேன்யனை நான் பார்த்தது போட்டோ எடுத்த நேரம் மட்டும். அந்தப் போட்டோவிலும் என் கையில் சாம்பார்த் தூக்குப்போசி இருக்கிறது.

1998இல்தான் எங்கள் எல்லாருக்கும் கிரீன் கார்டு வந்து முடிந்தது. எல்லையைத் தாண்டினால் திரும்ப விடமாட்டான் என்று அதுவரை பயந்து கிடந்தவர்கள், அந்த நவம்பர் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு மெக்சிகோ போவதென்று துணிந்தோம். திட்டம் போட்டவர் அனந்தராமன், என் கணவர் சேனாபதியின் ஆபீஸ் நண்பர். துலும் என்ற ஊரில் சமையலறையோடு ஒரு வீடு. அங்கிருந்து ஒருநாள் வேனில் கோபா போகிறோம். காட்டுக்குள் மாயர்கள் கட்டிவிட்டுப் போன பழைய நகரம் அது. அனந்தராமன் கணக்கில் கோபா என்றால் கோபுரம், குரூப் போட்டோ, லஞ்சுக்கு வீடு.

எனக்குக் கோபாவில் வேறு வேலை இருந்தது. கராஜ் சேலில் வாங்கிய சைக்கிளில் காலை நேரங்களில் எங்கள் ஊர்ப் பிராசோஸ் ஆற்றுக்கரை மேல் போய்ப் பறவை பார்க்கிறவள் நான். கோயில் பக்கம் போனால் பிள்ளைகள் 'ஹெல்மெட் ஆன்ட்டி' என்று சிரிக்கும். சிரிக்கட்டும். மாட்மாட் என்று ஒரு பறவை அந்தக் காட்டில் உண்டு. பச்சையும் நீலமுமான உடம்பு. வாலில் நீளமாக இரண்டு வெறும் ஈர்க்கு, அதன் நுனியில் மட்டும் துடுப்பு மாதிரி இறகு. உட்கார்ந்த இடத்தில் அந்த வாலைக் கடிகாரப் பெண்டுலம் போல ஆட்டுமாம். டாப்ஸ்லிப்பில் துடுப்புவால் கரிச்சானைப் பார்த்தவள் நான். அதே மாதிரி வாலை வேறொரு பறவை வேறொரு கண்டத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறது என்றால் பார்க்காமல் விடுவேனா? இடிந்த கற்சுவர்களில் அது வந்து உட்காரும் என்று புத்தகம் சொன்னது. துலுமிலிருந்து கோபாவுக்குக் காட்டு வழியே நேர் சாலை. வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். என் காலால் மிதித்துப் போய், என் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். அந்த ஒருநாள் எனக்கு வேண்டும். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது.

துலும் வீட்டில் போய் இறங்கியதும் அனந்தராமன் குக்கர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே என் ஹெல்மெட், பைனாகுலர், பறவைப் புத்தகம்.

"குக்கர் எங்க வசந்தா?" என்றார் என் கணவர்.

"வூட்டுல இருக்குதுங்க."

"மறந்துட்டியா?"

"மறக்கலீங்க. வச்சுட்டுத்தான் வந்தேன்."

எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. அனந்தராமனின் மனைவி ஜலஜாதான் அலமாரிகளைத் திறந்து உருட்டினாள். "பரவாயில்ல, இங்க பெரிய பாத்திரம் இருக்கு. ஸ்டவ் இருக்கு. வசந்தா நிமிஷத்துல வடிச்சுடுவா" என்றாள். எல்லார் முகத்திலும் மறுபடி வெளிச்சம் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கரை விட்டுவிட்டு வந்ததைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து விமானம் முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தவள் நான். இவர்களுக்குக் குக்கர் இல்லாமல் ஓடும், நான் இல்லாமல்தான் ஓடாது. அவர்கள் மேல் வந்ததைவிட என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. இதற்கு எதற்குத் தந்திரம், எனக்கு வாய் இல்லையா?

"நாளைக்கு நான் வடிக்க மாட்டேனுங்க. விடிஞ்சதும் சைக்கிள்ல கோபா போறேன். அரிசி அந்தப் பையில இருக்குது, பாத்திரம் இங்க இருக்குது. கை எல்லாருக்கும் இருக்குது."

"வெளயாடாத வசந்தா. நாங்களும் அங்கதான வர்றோம், வேன்ல வா" என்றார் என் கணவர்.

"வேன்ல வந்தா உங்களோட வருவேன். குருவியப் பாக்க மாட்டேன்."

மறுநாள் விடியும்போது நான் வாடகைச் சைக்கிளோடு சாலையில் இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் நான்தான் ராணி. இரண்டு பக்கமும் காடு, ஈர மண் வாசனை, தலைக்கு மேல் கத்திக்கொண்டே கடந்த கிளிக்கூட்டம். நிறுத்த வேண்டும் என்று தோன்றிய இடத்தில் எல்லாம் நிறுத்தினேன். அவசரப்படுத்த ஆள் இல்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

அப்புறம் வெயில் ஏறியது. சைக்கிள் செயின் கழன்று, மாட்டி, மறுபடி கழன்றது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பாதி வழி தாண்டி, கையெல்லாம் கிரீஸோடு சாலையோரம் குந்தியிருந்தபோது எங்கள் வேன் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் ஏசிக் காற்று முகத்தில் அடித்தது.

"ஏறு" என்றார் என் கணவர். "சைக்கிள மேல கட்டிக்கலாம்."

ஏறிவிடலாம் என்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன், ஒரு கையைக் கதவில் வைத்தும்விட்டேன்.

"வெயில்ல கெடந்து ஏன் சாகற? மத்தியானம் போயி நீ சோறு மட்டும் வடி, மிச்சத்த ஜலஜா பாத்துக்குவாங்க."

கையை எடுத்துக்கொண்டேன். "நீங்க போங்க" என்றேன்.

"இப்ப ஏறலீன்னா, அப்பறம் உன்ற வழிய நீயே பாத்துக்கோணும்."

"அதத்தானுங்க காலையில இருந்து பாத்துட்டிருக்கேன்."

ஜலஜா ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் போய்விட்டது. நான் செயினை மாட்டினேன். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் மிதித்தேன்.

கோபாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வாசலில் கிளம்பத் தயாராக நின்றார்கள். கோபுரம் ஆயிற்று, போட்டோ ஆயிற்று. நான் நேரே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

மாயர்கள் பந்தாடிய மைதானம் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு பக்கமும் சாய்வான கல் சுவர். நிழலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. இந்த உச்சி வெயிலில் எந்தப் பறவை வரும், எல்லாம் போயிற்று, வீம்புக்கு வந்து ஏமாந்தேன் என்று மனது புலம்ப ஆரம்பித்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. பிறகு கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகு எதிர்ச் சுவரில் அது உட்கார்ந்திருந்தது. எப்போது வந்ததென்று தெரியாது. அந்த நீலத்தை எந்தப் பட்டுப்புடவையிலும் நான் பார்த்ததில்லை. வால் இந்தப் பக்கம் போனது, நின்றது, அந்தப் பக்கம் போனது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. எனக்கும் இல்லை. அது தானாகப் பறந்து போகும்வரை பார்த்தேன்.

மறுபடி அதே சைக்கிளை மிதித்து, பொழுது சாய வீடு திரும்பினேன். சமையலறைத் தொட்டியில் அடிப்பிடித்த பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது. ஜலஜா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து என் பறவைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "வடிச்சது அவாதான், நான் இல்ல" என்று ஆண்கள் பக்கம் கையைக் காட்டினாள். என் கணவர் ஒரு தட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தார். அவர் விரலில் சூடு பட்டுச் சிவந்திருந்தது.

"கொஞ்சம் தீஞ்சு போச்சு" என்றார்.

கொஞ்சம் இல்லை, நன்றாகவே தீய்ந்திருந்தது. உப்பும் இல்லை. நான் வடிக்காத சோற்றை வெளியூரில் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"பாத்தியா உன்ற குருவிய?"

"பாத்தேனுங்க."

"அப்ப சரி. நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

கால் இரண்டும் மரத்துப்போய் யாருடையவோ போலக் கிடந்தன. இருந்தாலும் சொன்னேன்.

"நாளைக்கும் போறேனுங்க. உப்பு அந்த மேல் தட்டுல இருக்குது."