ஜன்னல் வெட்டிய முகம்

கல்லை இறக்கிப் பீடத்தில் நிறுத்திவிட்டு கிரேன்காரர் கிளம்பிய பிறகுதான் கல்லக்கா துணியை விலக்கினாள். பீடத்தில் இருந்தது அவள் தம்பி இல்லை. யாரோ ஒருவன். தட்டி வைத்த மாவு மாதிரி சப்பென்று ஒரு முகம், கண்ணும் இல்லாமல் கன்னமும் இல்லாமல் உச்சி வெயிலில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் பட்டறையில் துணி சுற்றும்போது தம்பிதான் இருந்தான். அதில் சந்தேகமே இல்லை. பதினோரு மாதம் அவனோடு பேசிப் பேசிச் செதுக்கியவள் அவள். நடுவழியில் லாரியில் ஆள் மாறிவிடுமா என்ன?

ஆள் மாறவில்லை, வெளிச்சம் மாறிவிட்டது. அவள் பட்டறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதுவும் இடப்பக்கம். அந்த ஜன்னல் வெளிச்சம் மூக்கில் மோதி வலது கன்னத்தில் நிழலாக விழும். அந்த நிழலைப் பார்த்து, சரி, இங்கே பள்ளம் போதும் என்று உளியை நிறுத்திவிடுவாள். ஆக, பாதி முகத்தை வெட்டியது அவள், மீதியை வெட்டியது ஜன்னல். வாசற்படியும் கைகழுவும் தொட்டியும் கல்லறைப் பெயர்ப்பலகையும் வெட்டியே இருபது வருடம் ஓட்டியவளுக்கு இது தெரிய நியாயமில்லை. திறந்தவெளிக் கண்காட்சிக்குக் கல் அனுப்புவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அந்தப் பூங்காவில் அன்றைக்கு வட்டாரத்துச் சிற்பிகள் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். சிமெண்டில் திமிங்கிலம் செய்தவர், வால் வைக்க இடம் பத்தவில்லை என்று கண்காட்சிச் செயலாளரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். மரத்தில் பெரிய ஏணி செய்தவர், அதில் ஒருத்தரும் ஏறிவிடக்கூடாது என்று அடியிலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பக்கத்துப் பீடத்தில், சைக்கிள் சங்கிலியாலேயே ஒரு காளை செய்த வெல்டர், கொம்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவரவருக்கு அவரவர் பாடு.

கல்லக்காவின் பாடு வேறு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளம், பத்தொன்பது வயதுத் தம்பியையும் வீட்டையும் ஒன்றாக அடித்துக்கொண்டு போனது. போட்டோக்கள் இருந்த பெட்டியும் போயிற்று. பாவி வெள்ளம், ஒன்றையாவது விட்டுவைத்ததா! பள்ளிக்கூடத்துக் குழுப்படம் ஒன்றைத் தேடிப்பிடித்தார்கள். அதில் முன்னால் நின்ற தடியன் மறைத்ததில், தம்பிக்கு ஒரு காதும் கால்வாசி நெற்றியும்தான் மிஞ்சியிருந்தன.

போன வருடம் அம்மா ஒருநாள் கேட்டாள். "எனக்கு அவனைப் பாக்கணும்டி. ஊருக்கெல்லாம் கல்லுல என்னென்னமோ பண்ணிக் குடுக்கற. எனக்கு என் புள்ளையப் பண்ணிக் குடேன்."

அம்மா வாய்விட்டு ஒன்று கேட்பவளே இல்லை. அதனால் பண்ணினாள். ஆனால் அம்மாவுக்கு இளைப்பு. கல்தூசி மூக்கில் ஏறினால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டறைப் பக்கமே அவள் வரக்கூடாது. கல்லோ இரண்டு டன், வீட்டுக்குள் கொண்டுபோகிற சமாச்சாரம் இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் திறந்தவெளிக் கண்காட்சி என்றார்கள். நல்ல காற்று, தூசி கிடையாது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறப்பு, அம்மா வந்து பார்க்கலாம். அம்மா புதுச் சேலைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

இன்றைக்குப் புதன். கல்லக்கா செயலாளரிடம் ஓடினாள்.

"கல்லைக் கொஞ்சம் திருப்பி வைக்கணும் சார்."

"எங்கம்மா திருப்பறது? பீடத்துல கம்பி இறக்கி காரையும் ஊத்தியாச்சு. கிரேனும் போயிடுச்சு. நல்லாத்தானே இருக்கு? அமைதியா இருக்கு."

அமைதியாம்! தம்பி உயிரோடு இருந்தபோது ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தவனா? அவள் ஆயுதப் பையை எடுத்துவர வீட்டுக்குப் பஸ் ஏறினாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். பதறாத காரியம் சிதறாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதற்றத்தில் யாருக்கு அது ஞாபகம் வருகிறது?

வியாழக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினாள். அம்மா வரப்போவது பதினோரு மணிக்கு, வெயில் தலைக்கு மேல் நிற்கும். அந்த வெயிலுக்கு ஏற்ற மாதிரி வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தாள். கண்குழியை அரை விரல் ஆழம் இறக்கினாள். கண் தெரிந்தது, ஆனால் மூக்கு அமுங்கிப்போனது. மூக்கு எடுப்பாகத் தெரிய இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். உடனே கன்னம் பூரித்துக்கொண்டது. கன்னத்தைக் குறைத்தாள். வாய் அநாதையாக நின்றது. மண்ணாக இருந்தால் அள்ளி அப்பிவிடலாம், இரும்பாக இருந்தால் ஒட்டவைக்கலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். அது தெரிந்தே எடுத்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் 'இதோ வந்துடுவான், இதோ வந்துடுவான்' என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மாலை ஐந்தரை இருக்கும். வெயில் சாய்ந்து, இடப்பக்கத்து மரங்களுக்கு நடுவிலிருந்து தாழ்வாக உள்ளே வந்தது. பட்டறை ஜன்னலிலிருந்து வருமே, அச்சு அசல் அதே வெளிச்சம். கல்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் இருந்த இடத்தில் இரண்டு பொந்து. மூக்கு அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி ஒட்டிய பள்ளம்.

கையிலிருந்த உளியைக் கீழே வைத்தாள்.

வெல்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏங்க்கா இதைத் தொட்டீங்க? நேத்து நல்லா இருந்துச்சே."

"நேத்து எங்க நல்லா இருந்துச்சு? மொழுக்குனு இருந்துச்சு."

"மத்தியானம் அப்படித்தான் இருந்துச்சு. சாயங்காலம் பாத்தீங்களா? இதே நேரம்தான். கொம்பைப் பத்தவெச்சுட்டுத் திரும்பறேன், உங்க கல்லுல ஒரு பையன் நின்னு, இதோ சிரிக்கப்போறான். அப்படியே வேலைய விட்டுட்டுப் பாத்தேன். வெளிச்சம் போற வரைக்கும், ஒரு அரை மணி நேரம் இருக்கும். உங்ககிட்ட சொல்லலாம்னு தேடினேன், ஆளைக் காணோம்."

அப்போது அவள் பஸ்ஸில் இருந்தாள். உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

கல்லக்கா பீடத்தின் ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு சாயங்காலம் பொறுத்திருந்தால் போதும். பதினோரு மணியாவது மண்ணாங்கட்டியாவது! அம்மாவை ஐந்து மணிக்குக் கூட்டிவந்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் தம்பி வந்துவிட்டுப் போயிருப்பான். இருபத்திரண்டு வருடம் கழித்து வந்தவனை, வந்த மறுநாளே தன் கையாலேயே கொன்றுவிட்டாள். வெள்ளத்தையாவது திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

"சரி பண்ண முடியாதாக்கா?" என்றார் வெல்டர்.

"எதை வெச்சு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் உளியைத் தொடவில்லை. அம்மாவிடம் போனில், "வரவேண்டாம்மா, கல்லு சரியா வரல" என்றாள். "வாயை மூடு, நான் வண்டிக்குச் சொல்லியாச்சு" என்று அம்மா வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். புதுச் சேலை, ஒரு கையில் இளைப்பு மருந்து. கூட்டம் சங்கிலிக் காளையைச் சுற்றி நின்றது. இந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. அம்மா கல்லுக்கு நேராக நின்றாள். மேலே இருந்து வெயில் கொட்டியது. அந்தப் பொந்துக் கண்ணையும் அலகு மூக்கையும் ஏற இறங்கப் பார்த்தாள். திட்டட்டும். இவன் யாருடி என்று கேட்கட்டும். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கல்லக்கா காத்திருந்தாள்.

அம்மா கையை நீட்டி அந்த மூக்கைத் தடவினாள். பிறகு கன்னத்துப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ராசா," என்றாள்.

கல்லக்காவுக்குப் புரியவில்லை. "அம்மா..."

"உன்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்டி. எனக்கு இவன் மூஞ்சி மறந்துபோய் ஏழெட்டு வருஷமாச்சு. கண்ணை மூடினா சட்டை வருது, செருப்பு வருது, மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. பெத்தவளுக்கே மறந்துபோச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? உனக்காவது ஞாபகம் இருக்குமேன்னுதான் பண்ணச் சொன்னேன்." அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இவ்வளவு ஒட்டிப்போயா இருந்தான்? ஒழுங்கா சோறு போடாம விட்டுட்டேன் போல இருக்கே."

"இல்லம்மா, அவன்..."

"எப்படி இருந்தான், சொல்லு."

கல்லக்கா சொல்ல வாயெடுத்தாள். அவன் கன்னம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடித் தேடினாள். தேடத் தேட, நேற்று முன்தினம் அவள் வெட்டிய பள்ளம்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது வரவில்லை.

"இப்படித்தாம்மா இருந்தான்," என்றாள்.

அம்மா தலையாட்டிவிட்டு, இனிமேல் மறக்காதபடி நன்றாகப் பார்த்துக்கொள்வதற்காக இன்னும் கிட்டே போனாள்.