வடக்கு வெயில்

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு மட்டும் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. மற்ற வீடுகளுக்கு எப்படியோ அப்படியேதான் அந்த வீட்டுக்கும் சூரியன் கிழக்கில் எழுந்து மேற்கில் இறங்குகிறது. நடுவில் போகிற வழிதான் வேறு. மற்றவர்களுக்குத் தெற்கே சாய்ந்து போகும், இவர்களுக்கு வடக்கே சாய்ந்து போகும். தெருவில் நடப்பவர்களின் நிழல் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறிக்கொள்ளும், வாசலைத் தாண்டியதும் பழையபடி திரும்பிவிடும். ஊருக்குப் புதியவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். தெருக்காரர்கள் நிற்பதில்லை, அவரவருக்கு வேலை இருக்கிறது.

இதற்குக் காரணம் திருகாணி என்று பட்டப்பெயர் வாங்கிய சோலார் ஃபிட்டர். ஒரு பக்கம் இறுகிவிட்டால் மறுபக்கம் திருப்ப எவராலும் முடியாது என்பதால் வந்த பெயர் அது. ஒருமுறை பேருந்து மாறி ஏறி வேறு ஏதோ ஊரில் போய் இறங்கியவர், இங்கேதான் வரவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன் என்று சொல்லி அங்கேயே இரண்டு வீட்டு வேலையைப் பிடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். இன்னொரு முறை சுவரில் துளை போடப்போய்த் தண்ணீர்க் குழாயை ஓட்டை செய்துவிட்டார். குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது என்று வாதாடி, கடைசியில் குழாய் போட்டவரையே வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். 'ஸாரி' என்ற சொல்லை அவருடைய மனைவி தொலைக்காட்சியில்தான் கேட்டிருக்கிறார்.

வேலையில் மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் மாட்ட அவர் இரண்டு நாள் வேலை செய்தார். முதலில் சுத்தியலின் பின்பக்கத்தால் தளத்தைத் தட்டித் தட்டிக் கேட்டு உத்திரம் எங்கே ஓடுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். நூல் கட்டி, மூலைக்கு மூலை அளந்து, பேனலைத் தாங்கும் கால்கள் நிற்க வேண்டிய இடங்களைக் குறித்தார். துளை எவ்வளவு ஆழம் போகவேண்டுமோ அந்த இடத்தில் ட்ரில் பிட்டில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிக்கொண்டார். போட்ட துளைக்குள் பிரஷை விட்டுச் சுழற்றி, கைப்பம்பால் தூசியை ஊதி, மறுபடியும் பிரஷ் விட்டு, மறுபடியும் ஊதினார். பல ஃபிட்டர்கள் இந்த இடத்தில்தான் சோம்பல் படுவார்கள். தூசி இருக்கும் துளையில் எந்த போல்ட்டும் பிடிக்காது, புயல் வருகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும். பிறகு ரசாயனப் பசையைப் பிழிந்து, போல்ட்டை இறக்கி, அது இறுகும்வரை காத்திருந்து, வாஷரைச் சுற்றி மழைநீர் இறங்காதபடி சீல் வைத்தார். பேனல் உட்காரும் நீளச் சட்டங்களான ரெயில்களை ரசமட்டம் வைத்துச் சமன் செய்தார். வெயிலில் இரும்பும் அலுமினியமும் நீளும் என்பதால் இரண்டு ரெயில் சேருமிடத்தில் கொஞ்சம் சந்து விட்டார். கடைசியாக, சரியான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்து, பேனலைப் பிடிக்கும் ஒவ்வொரு கிளாம்பையும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை இறுக்கினார். நூல் பிடித்தாற்போல் எல்லாம் நேராக நின்றது. பிசகியது திசை ஒன்றுதான்.

அது பிசகிய விதம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். உயரத்தில் வேலை செய்யும்போது போல்ட்டும் வாஷரும் உருண்டு ஓடாமல் இருக்க மணிக்கட்டில் காந்தப் பட்டை கட்டிக்கொள்வார்கள். திருகாணி பட்டை கட்டிய அதே கையில் ஃபோனைப் பிடித்துத் திசை பார்த்தார். ஃபோனில் இருந்த திசைகாட்டி, உலகத்தின் காந்தத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த காந்தத்தோடு போய்விட்டது. அந்த இரண்டு நாளும் வானம் மூடிக்கிடந்ததால் சூரியனைக் கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. அவரோடு வேலை செய்யும் மைத்துனன் நாற்பதை நெருங்கியவன், வாய் சும்மா இராதவன். "மாமா, ரோடு தெக்கால இல்ல இருக்கு? நாம பின்பக்கம் பாத்து நிறுத்துற மாதிரி இருக்கே" என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். "ஃபோனுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?" என்று திருகாணி கேட்டதும் அடங்கிவிட்டான். வீட்டுக்காரர்களுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிற கண்ணாடிக்கடைக்காரருக்கு எது தெற்கு என்று தெரியாதா? ஆனாலும் தொழில் தெரிந்தவரிடம் போய்த் திசை சொல்லிக்கொடுக்க வெட்கப்பட்டு ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம், கடைசி கிளாம்பை இறுக்கியபோது மேகம் விலகியது. சூரியன் தெற்கே இருந்தது. எட்டு பேனல்களும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பார்த்திருந்தன. மாடியில் எல்லாரும் இருந்தார்கள். திருகாணி சூரியனைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், ரெஞ்சைப் பையில் வைத்தார். "சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். சூரியன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, கடை வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டுப் பேச்சு வாங்கியவர் அதை உருட்டிக்கொண்டு போவதுபோல, மெதுவாக உச்சியைக் கடந்து வடக்குப் பக்கம் போய் நின்றுகொண்டது. மீட்டர் ஓடத் தொடங்கியது. திருகாணியை வேலைக்கு அனுப்பிய கம்பெனி வாக்குக் கொடுத்த அளவுக்கு மின்சாரம் வந்தது.

வீட்டின் வடக்கே, கொல்லையைப் பார்த்த பின்னறையில் கண்ணாடிக்கடைக்காரரின் அக்கா இருந்தார். முன்பு கடைக்கான மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டு வைத்திருந்த அறை அது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்காவுக்கு, தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது ஒழித்துக் கொடுத்தார்கள். கிழிந்த துணியை, அதே துணியின் ஓரத்திலிருந்து இழை உருவிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, கிழிந்த தடமே தெரியாமல் சேர்ப்பது அக்காவின் தொழில். வெளிச்சம் வேண்டிய தொழிலுக்கு வெயிலே வராத ஒரு ஜன்னல். கண் மங்க மங்கத் தம்பி வருடாவருடம் பவரைக் கூட்டிப் புதுக் கண்ணாடி செய்துகொடுத்தார். நல்ல தம்பிதான், அக்காவிடம் காசு வாங்கியதில்லை. ஆனால் கண்ணாடி சோடாபுட்டி ஆனபிறகும் அறையை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஜன்னல் வழியே முதல்முறை வெயில் வந்தபோது, கொல்லையில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று அக்கா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து, மடியில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். இதற்கெல்லாமா அழுவது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது, இருந்தும் அழுதார். அந்த வருடம் முடிவதற்குள் அவர் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார்.

வெயில் ஒன்றுதான், அது பின்பக்கம் வந்தால் முன்பக்கம் இருக்காது. முன்னறை வீட்டுக்காரம்மாவின், அதாவது கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின், அறை. அவருக்கு அங்கே பட்டப்பகலில் விளக்குப் போடவேண்டி வந்தது. வாசல் ரோஜாத் தொட்டிகள் மொட்டு விடுவதை நிறுத்தின. துணி காயவில்லை. எல்லாவற்றையும்விட முழங்கால். குளிர்காலக் காலையில் முன்னறை ஜன்னலோரம் காலை நீட்டி வெயிலில் வைத்தால்தான் அவரால் அன்றைக்கு நடமாட முடியும். இப்போது சுவரைப் பிடித்து நடந்தார். கணவரிடம் முறையிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் மனைவி சொல்வதைக் கேட்டு "நீ சொல்றது நியாயம்தான்" என்றார், பின்னறைக்குப் போய் அக்கா வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "உனக்கும் வேணும்தான்" என்றார், அப்புறம் கடைக்குப் போய்விட்டார். அந்த மனிதரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்காரம்மா கம்பெனிக்கு ஃபோன் செய்தார். கம்பெனி வேறு இரண்டு ஃபிட்டர்களை அனுப்பியது. அவர்கள் கிளாம்பைத் தளர்த்தி இரண்டு பேனல்களைத் தெற்கே திருப்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டுச் சூரியன்தான் தெற்கே இல்லையே, இரண்டிலும் துளி மின்சாரம் வரவில்லை. இருந்தபடியே மாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு கம்பெனியின் பொறியாளர் அம்மா ஒருவர் வந்து அளந்து பார்த்தார். உற்பத்தியில் குறை இல்லை, ஆனால் பேனல் வடக்கே பார்ப்பதைப் படமெடுத்துப் போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஊரெல்லாம் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். வீட்டுக்காரம்மாதான் கடைசியில் விஷயத்தைப் பிடித்தார். "ஸ்பேனரால ஆகுற காரியம் இல்லைங்க இது. சரின்னு அவர் வாயால சொன்னாரு, சூரியன் அந்தப் பக்கம் போச்சு. தப்புன்னு அவர் வாயால சொல்லட்டும், தானா வந்துரும்." பொறியாளர் அம்மாவுக்கு இதில் ஆட்சேபம் இல்லை, செலவும் இல்லை. திருகாணி எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இல்லையென்றால் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

திருகாணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு வார்த்தைதானே, சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவீங்க? இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்?" என்று மனைவி கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. சொல்லிவிடுவது என்று வாழ்க்கையில் முதல்முறையாக முடிவெடுத்தார். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகப் பார்த்து, முதல் எழுத்துக்கே தாடையைக் கிழித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள். மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பின்னறைக்கு வெளியே சுவரில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று திருகாணி மட்டும் கீழே தங்கினார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. கதவு திறந்திருந்தது. அக்கா வெயிலில் நாற்காலியைப் போட்டு, யாருடைய கோட்டிலோ தோள்பட்டைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லை.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும் தம்பி" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல். "சொல்லிடுங்க. பொழப்பக் கெடுத்துக்காதீங்க. அவளுக்கும் கால் முடியல, பாவம். நான் இருட்டுலயே இருந்தவதான், பழகிப்பேன்."

திருகாணி படிப்பக்கம் திரும்பினார். அக்கா மறுபடியும் கூப்பிட்டார்.

"ஒரு அரைமணி பொறுத்துச் சொல்ல முடியுமா? இந்த ஒண்ண முடிச்சிடறேன்."

திருகாணி மாடிக்குப் போய், அரைமணி ஆகும் என்றார். ஏன் என்று பொறியாளர் அம்மா கேட்டபோது, ஏற்கெனவே இறுகியிருந்த கிளாம்புகளை ரெஞ்சால் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். டிக், டிக் என்று சத்தம் கேட்டபடி எல்லாரும் நின்றார்கள். அரைமணி ஆனது. மைத்துனன் தரையைப் பார்த்தான். திருகாணி வந்து நடுவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இங்க போட்டது..." என்று ஆரம்பித்தார்.

அப்போதே நிழல்கள் நகரத் தொடங்கின. தண்ணீர்த் தொட்டியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. வாசல் ரோஜாத் தொட்டிகளின் விளிம்பை வெளிச்சம் தொட்டது. வீட்டுக்காரம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார். கீழே பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலியின் கால்கள் தரையில் இழுபடும் சத்தம். ஜன்னல் பக்கம் பின்வாங்கிப் போகும் வெயிலின் பின்னாலேயே அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார். வேலை முடியவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் இழுத்தார், நின்றது. மறுபடியும் கொஞ்சம் இழுத்தார். அப்புறம் ஜன்னல் சுவரில் நாற்காலி இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை.

"...சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார் திருகாணி.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் பழையபடி நீண்டது. பொறியாளர் அம்மா படியிறங்கினார். மறுநாளிலிருந்து திருகாணிக்கு வேலை இல்லை. மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு திருகாணியும் மைத்துனனும் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்தார்கள், சோற்றுக்குப் பஞ்சம் வரவில்லை. ஒரே மாற்றம், மற்ற எல்லாத் தப்புகளையும் அவர் தாராளமாக ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் சரியாக ருசி பார்க்கவில்லை என்று அவர் சொன்னபோது மனைவிக்குப் பயமாகப் போய்விட்டது. அந்த வீட்டு மாடி பற்றி மட்டும் யார் கேட்டாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், சரி என்றுதான் சொன்னார். மனதுக்குள்ளும் வேறு மாதிரி நினைத்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்காரம்மா பின்னறைப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்காவும் சமையலறைக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, குற்றம் செய்தவர்போல் வந்துபோனார். தம்பிக்கு இருவரும் தனித்தனியாகச் சோறு போட்டார்கள், அவர் இரண்டு முறையும் சாப்பிட்டார். பனி அதிகமாக இருந்த ஒரு காலையில் வீட்டுக்காரம்மா முன்னறையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, வீட்டை முழுக்கக் கடந்து பின்னறை வாசலில் வந்து நின்றார். அக்கா ஊசியைக் கீழே வைத்தார். உள்ளே நல்ல வெயில்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணி" என்றார் வீட்டுக்காரம்மா. "எனக்கும் வேணும்."

அக்கா தள்ளி உட்கார்ந்தார்.